உதறிவிட்டுப் போகும் இடம்

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் நேராகத் தன் வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்காவது இறங்கியாக வேண்டும். காப்பிக் கடை போதும், பெட்ரோல் பங்க்கூடப் போதும். நம் பின்னாலேயே கிளம்பி வந்திருக்கக்கூடிய இறந்தவர் அங்கே எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்; அதற்குள் நாம் வண்டி ஏறிவிடலாம். உதறிவிட்டுப் போவது என்று இதற்குப் பெயர். எங்கள் இலோய்லோ நகரத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட இந்த விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டார்கள்.

ஆகவே மனாங் லூடியின் துக்கத்துக்கு எங்கள் மாலை வகுப்பிலிருந்து போவது என்று முடிவானதும், நான் முதலில் யோசித்தது திரும்பும்போது எங்கே இறங்குவது என்பதைத்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கான வகுப்பு அது. எல்லாரிலும் சின்னவள் நான். மற்றவர்களெல்லாம் எனக்கு மனாங்கும் மனோங்கும்தான், அதாவது அக்காவும் அண்ணனும்; அவர்களுக்கு நான் இந்தாய், சின்னப் பெண். ஆனாலும் எந்த ஏற்பாடு என்றாலும் என் தலையில்தான் விழும். "ரோடலின் பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். நான் பார்த்துக்கொள்வேன், பிறகு சரியாகப் பார்த்துக்கொண்டேனா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருப்பேன்.

மனாங் லூடி தையற்காரி. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பின்னக் கணக்குகளை எங்களைவிட வேகமாகப் போடுவார். துணி வெட்டுகிறவளுக்குக் காலும் அரையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று சிரிப்பார். ஒருநாள் காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த அன்றே முடிந்துவிட்டது. அண்ணன்மார் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்தே உடலைச் சொந்த ஊரான சான் ஹொவாகினுக்குக் கொண்டுபோனார்கள். அது தெற்கே, கடலோரமாகப் போகும் சாலையின் கடைசியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேனில் நாங்கள் நான்கு பேர் போனோம். நான், மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் மனோங் நோனோய், மாசமாக இருக்கும் ஜோவி, பிறகு மனாங் தார்சிலா. தார்சிலா எங்கள் வகுப்பு இல்லை. லா பாஸில் ஒரு தையற்கடை மாடியில், ஒரே அறையில், பல வருடங்களாக மனாங் லூடியோடு சேர்ந்து குடியிருந்தவர். வகுப்பு முடியும் நேரத்துக்கு வாசலில் குடையோடு நிற்பார். மழை இல்லாத நாளிலும் குடை இருக்கும். அவரை எங்களோடு கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரே வந்து, "வண்டியில இடம் இருக்குமா, இந்தாய்?" என்று என்னிடம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கேட்கும் நிலைக்கு அவரை விட்டது என் தப்பு.

வண்டி ஓட்டியவர் மனோங் கோரியோ. அதிகம் பேசுகிறவர். பாலம் வந்தாலும் பெரிய ஆலமரம் வந்தாலும் ஹாரன் அடிப்பார். அங்கே குடியிருக்கும் ஆவிகளிடம் வழி கேட்டுக்கொண்டு போவது நல்லதுதானே. ஒரு பாலத்தில் இரண்டு தடவை அடித்தார். ஏன் என்று நோனோய் கேட்டதற்கு, "ஒண்ணு எனக்கு, ஒண்ணு வண்டிக்கு. வண்டி வாடகை வண்டிப்பா" என்றார்.

துக்க வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் சீட்டு ஆடினார்கள், இன்னொன்றில் காப்பியும் பிஸ்கட்டும். மாசமாக இருப்பவள் சவத்தைப் பார்க்கக் கூடாதென்பதால் ஜோவி பந்தலிலேயே உட்கார்ந்துகொண்டாள். "அப்பறம் எதுக்குடி இவ்வளவு தூரம் வந்த?" என்று நோனோய் கேட்டார். "என் புள்ளைக்கு அவங்கதான் சட்டை தச்சுட்டிருந்தாங்க. வராம எப்படி இருக்கறது?" என்றாள் அவள்.

உள்ளே மனாங் லூடியை வெள்ளை உடையில் கிடத்தியிருந்தார்கள். அவர் வெள்ளை உடுத்தி நான் பார்த்ததே இல்லை. தார்சிலா சவப்பெட்டியின் கண்ணாடிக்கு அருகில் போய், கண்ணீர் அதன்மேல் விழுந்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்தார். சிவப்பு வார் வைத்தது, தேய்ந்தது.

"காலுக்கு இதப் போட்டுவிடலாமான்னு..." என்று மூத்த அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "செருப்பு வேண்டாம் மனாங். வெறுங்காலோடதான் அனுப்பணும். இல்லன்னா ராத்திரியெல்லாம் வீட்டுல நடக்கிற சத்தம் கேக்கும்."

"ஆமா, ஆமா. எனக்குத் தெரியும். சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லித் தார்சிலா செருப்பைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அண்ணன் மனைவியின் பெயர் பெலென். உறவினர்கள் எல்லாரும் நெஞ்சில் கறுப்பு நாடா குத்தியிருந்தார்கள். அவர் காப்பித் தட்டோடு எங்களிடம் வந்தபோது தார்சிலா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள நேர்ல பாக்கணும்னு எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன். மாசாமாசம் எனக்காகத் தனியா பணியாரம் செஞ்சு குடுத்து அனுப்பினீங்க. அதுவும் எள்ளு சேராதுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு. யாரு செய்வா?"

பெலென் அவரைப் பார்த்தார். "பணியாரமா? நானா?" என்றார். யாரோ உள்ளிருந்து கூப்பிட்டார்கள். "அதெல்லாம் பரவால்ல, காப்பி குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வேலை அதிகம் என்றுதான் நானும் நினைத்தேன். இருந்தாலும் அந்தப் பார்வை எனக்குள் எங்கோ உறுத்தியது.

சாப்பாடு போட்டார்கள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாங்கள் எழ வேண்டியதாயிற்று. இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும். நாங்கள் எழுந்ததும் மேசையில் மிச்சமிருந்த எல்லாரும், பேச்சை நிறுத்தாமலேயே, தங்கள் தட்டுகளை ஒரு சுற்றுத் திருப்பினார்கள். பாதியில் எழுந்து பயணம் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று செய்வது. துக்க வீட்டில் விடைபெறவும் கூடாது, வீட்டார் வாசல்வரை வரவும் கூடாது. எனவே தட்டுகள் திரும்பும் சத்தத்தோடு நாங்கள் பேசாமல் வெளியே வந்தோம். தார்சிலா மட்டும் பந்தல் ஓரத்தில் ஒரு நிமிடம் நின்று, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

வண்டி மியாகாவைத் தாண்டியது. இடதுபக்கம் மலை, வலதுபக்கம் கடல். படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள் ஏற்பாட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கிம்பாலில் ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கே வேன் நிறுத்த இடம் உண்டு, ஜோவிக்குக் கழிப்பறை உண்டு, பாச்சோய் நன்றாக இருக்கும் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். சூடான நூடுல்ஸ் சூப்பைக் குடித்து, உதறிவிட்டு, கிளம்ப வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருந்தது.

அப்போது தார்சிலா முன்னால் குனிந்து, "மனோங் கோரியோ, எங்கயும் நிறுத்தாம நேரா லா பாஸுக்கு விடுறீங்களா?" என்று கேட்டார்.

"ஏன் மனாங், அவசரமா? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

நோனோய் திரும்பி உட்கார்ந்தார். "நேரா போறதா? நிறுத்தாம போனா லூடியும் நம்மகூடவே வந்துடுவாளே, மனாங்!"

"அதுக்குத்தான் கேக்கறேன்" என்றார் தார்சிலா.

கோரியோ கண்ணாடியில் பின்னால் பார்த்தார். எங்களை எண்ணுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

"அவ வீட்ட விட்டுக் கிளம்பவே இல்லையே" என்றார் தார்சிலா. கோபமில்லாமல், விலை சொல்வதுபோலச் சொன்னார். "மிஷின்ல உக்காந்திருந்தவளத் தூக்கிட்டுப் போனாங்க. அங்க இருந்து அப்படியே இங்க. ஊசியில நூலு கோத்தபடியே இருக்கு. நான் அத எடுக்கல. ஒரு தடவ வந்து பாக்கட்டும். பாத்துட்டு அப்பறம் எங்க வேணாலும் போகட்டும். நான் தடுக்கமாட்டேன்."

"மனாங்..." என்றாள் ஜோவி. வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். "எனக்கு மனாங் லூடி மேல பயமில்ல. ஆனா என் மாமியார் வாசல்லயே நிப்பாங்க, எங்க இறங்கினன்னு கேப்பாங்க. புள்ளைக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன சொல்லுவேன்?"

"லூடி உன் புள்ளைய என்னடி பண்ணப்போறா?" என்றார் நோனோய். "மிச்சத் துணியையும் தச்சு வச்சுட்டுப் போவா."

"நீங்க சும்மா இருங்க மனோங்! உங்களுக்கென்ன, மீன் நாத்தத்துக்கு எந்த ஆவியும் கிட்ட வராது."

கோரியோ சிரித்துவிட்டார். தார்சிலாகூடச் சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏற்பாடு என்னுடையது அல்லவா.

இரண்டு பேரும் நியாயமாகத்தான் கேட்டார்கள். ஒருத்தி வரவேண்டும் என்கிறாள், இன்னொருத்தி வரக்கூடாது என்கிறாள். ஒரே வண்டி. வயிற்றில் இருக்கும் பிள்ளையால் தன் பேச்சைத் தானே பேச முடியாது என்று எனக்குப் பட்டது. "கிம்பால்ல நிறுத்தலாம் மனோங்" என்றேன். சொன்ன உடனே தார்சிலாவின் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தேன்.

"சரி இந்தாய். நீங்க இறங்குங்க. நான் வண்டியிலயே இருக்கேன்" என்றார் அவர். பையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டார். "செருப்பு என்கிட்ட இருக்கு. அவ வெறுங்காலோட அப்படி எவ்வளவு தூரம் போயிடுவா?"

"அது எப்படிச் சரியாகும்?" என்று கோரியோ ஆரம்பித்தார். "நீங்கல்லாம் எறங்கி நல்லா உதறிட்டு, அவ உக்காந்திருக்கிற வண்டியிலயே வந்து ஏறுவீங்க. ஓட்டறவன் நான். என்னப் பத்தி யாராவது யோசிச்சீங்களா?"

"நீங்களும் எறங்கணும்" என்றார் நோனோய்.

"எறங்குவேன். வண்டி எறங்காதே!"

"வண்டிக்கு ஹாரன் அடிங்க."

கிம்பால் வரும்வரை இந்த விவாதம் ஓடியது. ஒருவர் மட்டும் இறங்காவிட்டால் மற்றவர்கள் உதறியது செல்லுமா, செல்லாதா? நோனோயின் அத்தை ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் தூங்கிவிட்டாராம்; எழுப்பாமல் விட்டுவிட்டார்கள்; அதன்பின் மூன்று நாள் அவர்கள் வீட்டு நாய் சாப்பிடவில்லையாம். "நாய்க்கு வயித்துவலியா இருந்திருக்கும்" என்றாள் ஜோவி, நம்பிக்கையில்லாமல்.

கடை சாலையை ஒட்டியே இருந்தது. ஓலைக் கூரை, நீளமான பெஞ்சுகள், அடுப்பில் பெரிய பாத்திரத்தில் எலும்புச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கினோம். தார்சிலா வண்டி ஜன்னலோரம் உட்கார்ந்தபடி கடையின் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோவி பாவாடையைத் தட்டினாள், பிறகு காலணியைக் கழற்றித் தட்டினாள், பிறகு தலைமுடியையும். நோனோய் தன் தொப்பியை உதறினார்.

கடைக்காரம்மாளுக்கு இதெல்லாம் பழக்கம்போல. எங்களைப் பார்த்ததுமே, "துக்கத்துக்குப் போயிட்டு வர்றீங்களா? யாரு?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணங்களை எடுத்து வைத்தார். மனாங் பிலாரிங் என்று பெயரைப் பலகையில் எழுதியிருந்தார்கள்.

"சான் ஹொவாகின்ல. லூடிவினான்னு. எங்ககூடப் படிச்சவங்க" என்றேன்.

கரண்டி நின்றது. "தையல்காரி லூடியா? லா பாஸ்ல இருந்து வருவாளே, மோவாயில மச்சம் இருக்குமே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "மாசாமாசம் வருவா. இந்த எடத்துலதான் உக்காருவா. ஊருக்குப் போறப்ப பஸ்ஸ விட்டு எறங்கவே மாட்டா, கையக் காட்டிட்டுப் போயிடுவா. திரும்பறப்பதான் எறங்குவா. பாச்சோய் குடிச்சுட்டு, ஒரு பொட்டலம் பணியாரம் வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறுவா. தேங்காப்பூ மட்டும் போடு, எள்ளு போடாத, வீட்டுல இருக்கிறவளுக்கு எள்ளு பட்டா ஒடம்பெல்லாம் தடிச்சுடும்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. எனக்கு மறந்துடுமாம்!"

நான் நோனோயைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெலெனின் அந்தப் பார்வை எனக்கு இப்போது விளங்கியது. அவர் ஒருநாளும் பணியாரம் செய்ததில்லை. தார்சிலாவுக்கு ஒரு பிரியமான அண்ணி இருக்கிறார் என்று மாதாமாதம் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மனாங் லூடி கட்டிக்கொண்டுபோன கதை அது.

சொல்வதா, வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிலாரிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த இன்னொருத்தி? அவ எப்படி இருக்கா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் ஜோவி வண்டியைக் காட்டிவிட்டாள். கையால்கூட இல்லை, உதட்டை நீட்டி.

பிலாரிங் நேராக வேனுக்குப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"எள்ளு சாப்பிடாத ஆளு நீங்கதானா?" என்றார், ஜன்னலில் கையை வைத்து.

தார்சிலா குழப்பத்தோடு திரும்பினார். பிலாரிங் எல்லாவற்றையும் சொன்னார். பஸ், பெஞ்சு, பொட்டலம், தேங்காய்ப்பூ. அவர் என்ன உடைக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நான் அவர் முழங்கையைத் தொட்டேன், பயனில்லை. தார்சிலா கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காது மட்டும் சிவந்தது.

"இங்கயா வாங்கினா?" என்றார் கடைசியில்.

"இங்கதான். என் கையால செஞ்சது."

"எங்க அண்ணி செஞ்சதுன்னு சொல்லுவா. இந்தத் தடவ கொஞ்சம் இனிப்பு தூக்கலுன்னு நான் சொன்னா, இரு, அவங்ககிட்ட சொல்றேன்னு சொல்லுவா." தார்சிலா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரித்தார். "பொய்க்காரி. நான் போயி அந்தம்மா கையப் புடிச்சுக்கிட்டு... அவங்க என்னப் பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க!"

"இனிப்பு தூக்கலுன்னு எனக்கும் வந்து சொன்னா" என்றார் பிலாரிங். "அதுக்கப்பறம் நான் கொறச்சேன்."

தார்சிலா வண்டியின் கதவைத் திறந்து இறங்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கடைக்குள் வந்து, "எந்த எடம்?" என்று கேட்டு, பிலாரிங் காட்டிய இடத்துக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கிண்ணம் பாச்சோயை முழுக்கக் குடித்தார். துக்க வீட்டில் அவர் எதையும் தொடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நோனோய் தன் கிண்ணத்திலிருந்த ஈரல் துண்டுகளை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிறிது நேரம் கழித்து நோனோய் என் காதருகே குனிந்தார். "இந்தாய், இந்தக் கடை நல்லா இருக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

யோசித்தேன். யோசித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. வகுப்பு இடைவேளை. கிம்பாலில் ஒரு கடை இருக்கிறது, அந்த வழியாகப் போனால் கட்டாயம் இறங்கிப் பார் என்று சொன்னவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். இறந்தவரை உதறிவிட, இறந்தவர் சொன்ன கடைக்கே எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நோனோய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "லூடியே வழி சொல்லி, லூடியே நம்மளக் கூட்டிட்டு வந்திருக்கா!" என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

ஜோவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப உதறினது செல்லாது! அவங்களுக்குப் பழகின எடமாச்சே. சூப்பக் குடிச்சுட்டு எப்பவும்போல நம்மகூட பஸ்ஸு ஏறிடுவாங்க." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "இன்னொரு எடத்துல நிறுத்தணும். ரோடலின், சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் தார்சிலா கிண்ணத்தை நகர்த்திவைத்தார்.

"நிறுத்தலாம்" என்றார். "பெருசா வெளிச்சமா இருக்கிற எடமா பாருங்க. அவளுக்குப் பழக்கமே இல்லாத எடமா."

"மனாங், ஆனா நீங்க..."

"நான் தப்பா கணக்குப் போட்டுட்டேன், இந்தாய். அவளுக்கு வழி தெரியாதோ, நாமதான் கூட்டிட்டுப் போகணுமோன்னு நெனச்சேன். இத்தன வருஷமா அவ யாரோட வண்டியிலயாவது வந்தாளா? இங்க எறங்குவா, சாப்பிடுவா, பஸ்ஸப் புடிச்சுத் தானா வருவா. நம்ம வண்டியில திணிச்சு ஏத்திட்டுப் போனா, எனக்கென்ன கால் இல்லையான்னு சண்டைக்கு வருவா." அவர் எழுந்து ஜோவியிடம் கையை நீட்டினார். "வா, புள்ளைய நல்லா உதறிடலாம்."

கிளம்பும்போது பிலாரிங் ஒரு பொட்டலம் கட்டினார். துக்க வீட்டு உணவைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, இது கடையில் செய்தது, ஆகவே தடையில்லை என்று நோனோய் தீர்ப்புச் சொன்னார். தார்சிலா அதை வாங்கவில்லை. "வேண்டாம், பிலாரிங். அது அவ வாங்கிட்டு வர்றது" என்றார்.

ஓத்தோனில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். புதிதாகத் திறந்தது, கொடிகள்கூட இன்னும் இறக்கப்படவில்லை. இம்முறை கோரியோ வண்டியையும் உதறினார், அதன் நான்கு கதவையும் திறந்துபோட்டு டயர்களை உதைத்தார். தார்சிலா ஜோவியின் தோளிலிருந்து முதுகுவரை உள்ளங்கையால் துடைத்துவிட்டார், துணியில் ஒட்டிய நூல் பிசிறுகளைத் தட்டுவதுபோல. பிறகு தன் பாவாடையையும் உதறினார். அரைமனதோடு உதறினார் என்று சொல்ல முடியாது. ஜோவி பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் நன்றாகவே உதறினார்.

"மாமியாருக்கு இப்ப ரெண்டு எடம் சொல்லலாம்" என்றார்.

ஜோவி அவரைக் கட்டிக்கொண்டாள். வயிறு இடையில் இருந்ததால் பக்கவாட்டில்தான் கட்டிக்கொள்ள முடிந்தது.

இலோய்லோ எல்லைக்குள் நுழையும்போது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மொஹோனில் தெற்குப் பஸ்கள் வந்து நிற்கும் முனையம் இருக்கிறது. அதைத் தாண்டப்போகும் நேரத்தில் தார்சிலா, "என்ன இங்க எறக்கிவிட்டுடுங்க" என்றார்.

"லா பாஸ் இன்னும் தூரம் மனாங். வீட்டு வாசல்லயே விடறேன்" என்றார் கோரியோ.

"வேண்டாம். ஞாயித்துக்கிழமை அவ வந்தா நான் இங்கதான் வந்து நிப்பேன். எப்பவும் ரெண்டு பேருமாத்தான் இங்கருந்து வீட்டுக்கு ஜீப்னி ஏறுவோம்."

கோரியோ ஓரம்கட்டினார். நோனோய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தார்சிலா இறங்கி, பையைத் தோளில் மாட்டி, வண்டிக்குள் குனிந்து என்னைப் பார்த்தார்.

"நீ கொஞ்ச நேரம் என்கூட நிக்கிறியா? தனியா நின்னா கூலிக்காரங்க எங்க போகணும், எங்க போகணும்னு கேட்டு உயிர எடுப்பாங்க."

எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. ஒருமுறை தவறாகவும் ஒருமுறை சரியாகவும் உதறியாயிற்று. இப்போது மனாங் லூடியை வரவேற்கவே நின்றால் உதறியது என்ன ஆகும்? இதற்கு யாரும் விதி சொல்லி நான் கேட்டதில்லை. நோனோயைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். நான் இறங்கினேன், வேன் கிளம்பிப் போனது.

நாங்கள் வேர்க்கடலை விற்கிறவளுக்குப் பக்கத்தில் நின்றோம். பஸ்கள் வந்தன. கோழிக்கூடைகள் இறங்கின, மூட்டைகள் இறங்கின, தூங்கிவழியும் குழந்தைகள் இறங்கினார்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி ஆள் இறங்கும்வரை தார்சிலா கதவையே பார்த்தார். அழவில்லை. ஒருமுறை, "அவ எப்பவும் கடைசியாத்தான் எறங்குவா. தள்ளுமுள்ளு ஆகாது அவளுக்கு" என்றார்.

கண்டக்டர் ஒருவர் எங்களைப் பார்த்து, "யாருக்காக நிக்கிறீங்க மனாங்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஆளுக்கு" என்றார் தார்சிலா.

"சான் ஹொவாகின் பஸ்ஸா? பின்னால ஒண்ணு வருது."

அது வந்தது. பாதிதான் நிறைந்திருந்தது. ஆட்கள் இறங்கி முடித்தார்கள். டிரைவரும் இறங்கி, கைகளை நீட்டி முறித்துக்கொண்டு காப்பி குடிக்கப் போனார். கதவு திறந்தே கிடந்தது. தார்சிலா அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் எதையும் காணவில்லை. காண வேண்டியது எனக்கும் அல்ல.

"சரி, போலாம்" என்றார்.

என்னிடம் சொன்னாரா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் லா பாஸ் போகும் ஜீப்னியைக் கைகாட்டி நிறுத்தினார். ஏறுவதற்கு முன் ஒரு பக்கம் ஒதுங்கி, யாருக்கோ முதலில் ஏற வழிவிடுவதுபோல நின்றார். உள்ளிருந்த ஒரு பையன், "ஏறுங்க மனாங், நகருது" என்றான். "இருப்பா, அவசரப்படாத" என்று சொல்லிவிட்டு ஏறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வீடு மோலோவில். மொஹோனிலிருந்து நடந்தே போய்விடலாம். பாதி வழியில் ஒரு பேக்கரி திறந்திருந்தது. எனக்குப் பசியில்லை. மனாங் லூடி என் பின்னால் வர எந்தக் காரணமும் இல்லை. அவர் போக வேண்டிய ஜீப்னியில் போய்விட்டார் என்றுதான் நானும் நம்பினேன். ஆனால் கூட்டத்தில் யாராவது இடித்து, ஆள் மாறி, தப்பித்தவறி என் பின்னால் வந்திருந்தால்? அங்கே ஒருத்தி நூல் கோத்த ஊசியை எடுக்காமல் காத்திருக்கிறாள்.

பேக்கரிக்குள் போனேன். சூடாக எந்த ரொட்டி இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, நிற்க வேண்டிய அளவுக்கு நின்றேன்.